காக்கி டவுசரோடு கடல் தாண்டியவன்

மனிதாபிமான உதவிக்கு ஆட்களை எப்படித் தேர்ந்தெடுப்பார்கள் என்று என்னைக் கேட்டால், பாஸ்போர்ட் இருக்கிறதா என்று பார்த்துத்தான் என்பேன். புதியம்புத்தூர்த் தையல் கூடங்களில் வேலை பார்க்கிற நாங்கள் சேர்ந்து துணி தைத்து முடித்து, யார் கொண்டுபோய்க் கொடுப்பது என்று கூடிப் பேசியபோது கை தூக்கியவர்கள் நிறையப் பேர். பாஸ்போர்ட் வைத்திருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் நான். துபாய் வேலைக்கு என்று எடுத்து, ஏஜெண்ட் தலைமறைவானதால் ஒரு முத்திரைகூட விழாமல் பீரோவுக்குள் கிடந்தது என் பாஸ்போர்ட். இன்னொருவன் பெருமாள்சாமி. கழுகுமலைப் பக்கத்து ஊர்க்காரன். பரம்பரையாக ஆடு மேய்க்கிற குடும்பம். சவுதியில் இரண்டு வருஷம் ஆடு மேய்த்துவிட்டு வந்து, அங்கே உள்ள ஆட்டுக்கு நம் ஊர் ஆட்டின் அறிவு கிடையாது என்று ஒரே வரியில் அரபு நாட்டை முடித்துக்கொண்டவன். அவன் கை தூக்கவேயில்லை. மூட்டை ஏற்ற வண்டி கொண்டுவந்தவனை அப்படியே பிடித்து அனுப்பிவிட்டார்கள்.

விஷயம் இதுதான். எங்கள் கூடத்தில் இஸ்திரி போடுகிற அண்ணன் ஒருவர் பக்கத்து அகதி முகாமில் இருந்தார். மன்னார்ப் பக்கத்துக்காரர். இலங்கையில் சண்டை நிறுத்தம் வந்து, காட்டுக்குள் சிதறிக் கிடந்த சனம் குடும்பம் குடும்பமாக ஊர் திரும்பிக்கொண்டிருந்த நேரம் அது. அவருடைய அக்கா யோகம் அங்கே பள்ளிக்கூட ஆசிரியை. அவர் தம்பிக்கு எழுதிய கடிதம் எங்கள் கைக்கு வந்தது. தை பிறந்ததும் பள்ளிக்கூடத்தைத் திறக்கிறார்கள். கல்வி அலுவலர் ஒருவர் வந்து தலை எண்ணுவார். நாற்பது பிள்ளைகள் இருந்தால் பள்ளிக்கூடம் அந்த ஊரிலேயே நிற்கும். குறைந்தால் மூடி, அடுத்த ஊரோடு சேர்த்துவிடுவார்கள். அடுத்த ஊருக்கு நடந்து போகிற பாதையின் இரண்டு பக்கமும் மிதிவெடி. பிள்ளைகள் ஊரில் இருக்கிறார்கள், ஆனால் போட உடுப்பில்லாமல் வெட்கப்பட்டு வீட்டுக்குள் கிடக்கிறார்கள் என்று எழுதியிருந்தார். கூடவே பழைய பள்ளிப் பதிவேட்டிலிருந்து எடுத்த அறுபத்திரண்டு பெயர், வயதோடு.

அந்தக் கடிதத்தை எல்லோருக்கும் வாசித்துப் பொருள் சொன்னவன் நான். சின்ன வயதில் சிலோன் ரேடியோ கேட்டு வளர்ந்தவன், அந்தத் தமிழ் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று நானாகவே முன்னால் போய் உட்கார்ந்தேன். 'பொடியளுக்குச் சேட்டும் காற்சட்டையும், பெட்டையளுக்கு வெள்ளைச் சட்டை' என்று இருந்தது. பெட்டை என்றதும் பெண்கள் சிரித்தார்கள். பொடியள் பையன்கள், பொட்டப்பிள்ளைகளைத்தான் பெட்டையள்னு சொல்லுவாக என்று விளக்கினேன். பெண் பிள்ளைகளுக்கு வெறும் சட்டை கேட்டிருக்கிறாரே, பாவாடையை மறந்துவிட்டார் போல என்று கட்டிங் மாஸ்டர் கேட்டார். பாவம், கஷ்டத்தில் கேட்கக் கூச்சப்பட்டிருப்பார், நாமே நீலப் பாவாடை சேர்த்துத் தைத்துவிடலாம் என்றேன். எல்லோருக்கும் மனது நிறைந்துபோனது. காற்சட்டை என்ன நிறம் என்று யாரும் கேட்கவில்லை. கோவில்பட்டியிலிருந்து ஓட்டப்பிடாரம் வரைக்கும் பள்ளிக்கூடம் போன எந்த ஆம்பிளைக்கும் அது கேள்வியே இல்லை. டவுசர் என்றால் காக்கி. பின்பக்கம் இரண்டு ஓட்டை விழுந்த 'தபால் பெட்டி'க் காக்கி டவுசரில்தான் நானே எட்டாம் வகுப்பு வரைக்கும் படித்தேன்.

ஆக, முப்பத்துநாலு காக்கி டவுசரும், அதற்கு வெள்ளைச் சட்டையும், இருபத்தெட்டு வெள்ளை மேல்சட்டையும், அதற்கு நீலப் பாவாடையும். ஒவ்வொரு ஜோடியிலும் பெயரெழுதிய சீட்டைக் குண்டூசியால் குத்தினோம். எந்த வயதுக்கு எந்த நம்பர் என்பது எங்கள் கூடத்தில் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார்கள்.

முதல் சேதாரம் விமான நிலையத்திலேயே. வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போகக்கூடாது என்று ஒரு பண்டல் தீப்பெட்டியும் இரண்டு கிலோ கடலை மிட்டாயும் பையில் வைத்திருந்தேன். கோவில்பட்டிக்காரன் வேறு எதைக் கொண்டுபோவான்? தீப்பெட்டியை எடுத்து மேஜையில் வைத்த அதிகாரி என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். விமானத்தில் இதையெல்லாம் ஏற்றக்கூடாது என்று தெரியாதா என்றார். தெரியாது, எங்கள் ஊர் பஸ்ஸில் ஏற்றுவார்கள் என்றேன். பெருமாள்சாமி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். சவுதி போய்வந்தவன், கூட வந்ததாகக் காட்டிக்கொள்ள வெட்கப்பட்டான்.

கொழும்பில் எங்களை ஏற்றிக்கொண்ட வேன்காரர் பெயர் ராசன். ரீச்சருக்குத் தூரத்துச் சொந்தம். அங்கே டீச்சரை 'ரீச்சர்' என்றுதான் சொல்கிறார்கள், எழுதுவதும் அப்படித்தான். வழியில் ஒரு கடையில் பாணும் சம்பலும் வாங்கிக் கொடுத்தார். பாண் என்றால் ரொட்டி, சம்பல் என்றால் தேங்காய்த் துவையல். நான் அவசரமாகப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டிருந்தபோது, 'ஆறுதலாச் சாப்பிடுங்கோ அண்ணை' என்றார். எத்தனையோ இழந்த மனுஷர், ஆறுதல் சொல்ல வந்த எனக்கே ஆறுதல் சொல்கிறாரே என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாம் சரியாப் போயிரும் அண்ணாச்சி என்றேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். அங்கே ஆறுதலா என்றால் மெதுவா என்று அர்த்தம் என்பது எனக்கு அடுத்த நாள்தான் புரிந்தது. சிலோன் ரேடியோ என்னைக் கைவிட ஆரம்பித்த இடம் அது.

மறுநாள் சோதனைச் சாவடி. அதற்கு அந்தப் பக்கம்தான் சண்டை நடந்த பூமி. மூட்டைகளை இறக்கச் சொன்னார்கள். ஒரு சிப்பாய், மீசை சரியாக முளைக்காத பையன், முதல் மூட்டையைப் பிரித்து ஒரு காக்கி டவுசரை எடுத்துத் தன் இடுப்பில் வைத்துப் பார்த்தான். அவனுடைய மேலதிகாரி வந்தார். அவர் சிங்களத்தில் கேட்க, ராசன் எங்களுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். இது எந்தப் படைக்கு என்று கேட்கிறார் என்றார். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு என்றேன். எந்தப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் போலீஸ் உடுப்புப் போடுகிறார்கள் என்று கேட்கிறார். எங்கள் ஊரில் என்றேன். உங்கள் ஊரில் எல்லாப் பிள்ளைகளும் போலீஸா என்று கேட்கிறார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வழியெல்லாம் பள்ளிக்கூடம் போன பையன்களைப் பார்த்துக்கொண்டுதான் வந்திருக்கிறேன். வெள்ளைச் சட்டை, நீலக் காற்சட்டை. பெண் பிள்ளைகள் தோளிலிருந்து முழங்கால் வரை ஒரே வெள்ளைக் கவுன். கண் பார்த்தது, மண்டைக்குப் போகவில்லை. முழு நாட்டிலும் காக்கி போட்டவர்கள் போலீஸ் மட்டும். சந்தேகப்படாமல் என்ன செய்வார்கள்? நான் கெஞ்சினேன். இது தையலுக்கே பேர்போன ஊரில் தைத்தது, எங்கள் ஊரில் பிறந்த பிள்ளைக்குக்கூட ஊசி பிடிக்கத் தெரியும், குற்றம் எங்கள் அறியாமைதான் என்று அளந்தேன். ராசன் எவ்வளவு மொழிபெயர்த்தாரோ தெரியாது. முடிவில் வெள்ளையையும் நீலத்தையும் விட்டார்கள். காக்கியை எடுத்துக்கொண்டு ஒரு துண்டுச் சீட்டுக் கொடுத்தார்கள், திரும்பும்போது வாங்கிக்கொள்ளச் சொல்லி. மரியாதையாகத்தான் சொன்னார்கள். முப்பத்துநாலு பையன்களுக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாமல் நாங்கள் உள்ளே போனோம்.

சாவடியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் மண் கறுக்க ஆரம்பித்தது. நம்ம ஊர் கரிசல் மாதிரியே, வெடித்து, மழை குடித்து, மினுமினுவென்று. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. ராசனிடம் கரிசலைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்தேன். அடுத்த வளைவில் வேன் பின்சக்கரம் இரண்டும் அச்சு வரைக்கும் இறங்கி நின்றது. இனி நான் பார்த்துக்கொள்கிறேன், இந்த மண்ணில் பிறந்தவன் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். கரிசலில் மழை பெய்தால் நடுப்பாதையில் நடக்கக்கூடாது, செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். புல் மண்டின ஓரமாகப் பார்த்து ஒதுங்கி நடக்க வேண்டும். இது எங்கள் பக்கத்தில் நடை பழகும்போதே கால் கற்றுக்கொள்கிற விஷயம். யோசிக்காமல் ஓரத்துக்கு ஒரு காலை எடுத்தேன்.

சட்டைக் காலரைப் பிடித்து யாரோ பின்னால் இழுத்தார்கள். சேற்றில் உட்கார்ந்தேன். பெருமாள்சாமி.

'ஏலே, புல்லப் பாருலே. இடுப்பு ஒசரம் நிக்குது. இந்தா ரோட்டுல மாட்டுச் சாணி கெடக்கு, ஆட்டுப் புழுக்கை கெடக்கு. இம்புட்டுப் புல்ல ஒரு உசுருகூட வாய வைக்காம விட்டிருக்குன்னா அங்கன என்னமோ இருக்கு' என்றான்.

ராசன் முகம் வெளிறி நின்றார். கொஞ்ச தூரத்தில் மண்டையோடு வரைந்த சிவப்புத் தகடு ஒன்று புல்லுக்குள் மறைந்து கிடந்ததை அவர்தான் பிறகு காட்டினார். நான் சேற்றிலேயே இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு டிராக்டர் வந்து இழுத்துவிடும் வரைக்கும் நான் வேனுக்குள்ளேதான் இருந்தேன். கரிசலைப் பற்றி அதற்குப் பிறகு பேசவில்லை.

பொழுது சாயப் போய்ச் சேர்ந்தோம். ஊர் என்று சொல்ல நாலு கூரை இல்லாத சுவர்களும், அவற்றில் தார்ப்பாய் இழுத்துக் கட்டிய குடும்பங்களும். பள்ளிக்கூடத்துக்கு மட்டும் புதுத் தென்னங்கிடுகு வேய்ந்திருந்தார்கள். யோகம் ரீச்சர் ஐம்பது வயதுக்காரர், ஒல்லி, கண்ணாடியில் ஒரு பக்கம் கயிறு. உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்து நக்கிக்கொண்டே வெறுந்தேத்தண்ணி, அதாவது பால் இல்லாத டீ, குடிக்கச் சொல்லிக் கொடுத்தார். அன்று இடியப்பமும் சொதியும். எங்கள் பக்கத்தில் சொதி என்றால் கல்யாணத்துக்கு மறுநாள் வைக்கிற விருந்து. ஒரு காய் குறைந்தாலும் சம்பந்தி முகம் சுருங்கும். இங்கே தண்ணியாகக் கரைத்த தேங்காய்ப்பாலில் ரெண்டு பச்சை மிளகாய் மிதந்தது. அதுவும் சொதிதான். அந்தத் தேங்காய் எத்தனை வீட்டில் கேட்டு வாங்கியது என்று தெரிந்த பிறகு நான் குறை சொல்லவில்லை.

மூட்டையைப் பிரித்ததும் ரீச்சர் வெள்ளை மேல்சட்டையைத் தூக்கிப் பிடித்து, இது என்ன தம்பி என்றார். நீங்கள் கேட்ட வெள்ளைச் சட்டை என்றேன். அங்கே சட்டை என்றால் கவுன். நாம் சட்டை என்பதுதான் சேட்டு. அவர் கேட்டது முழு வெள்ளைக் கவுன். நான் கொண்டுவந்தது அரைக் கவுனும், அந்த நாட்டில் யாரும் போடாத நீலப் பாவாடையும். காக்கி விஷயத்தையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. பாவாடையை விரித்துத் துணியை நீவிப் பார்த்துவிட்டு, 'நல்ல துணி' என்றார். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். திங்கட்கிழமை அலுவலர் வருகிறார். அன்று வெள்ளிக்கிழமை.

சனிக்கிழமை காலையில் பிள்ளைகளையும் பெற்றோரையும் கூப்பிட்டிருந்தார், அளவு போட்டுப் பார்க்க. சும்மா கொடுத்திருக்கலாம். எனக்கு அது போதவில்லை. சேற்றில் உட்கார்ந்த மானம், காக்கியில் போன மானம் எல்லாவற்றையும் மீட்டுவிடலாம் என்று நினைத்தேனோ என்னவோ, பள்ளி ஆண்டு விழாவில் பரிசு கொடுக்கிற மாதிரி பெயர் கூப்பிட்டுக் கொடுக்கலாம் என்றேன். ரீச்சர் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்ததை நான் கவனிக்கவில்லை. பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு, முதலில் ரெண்டு வார்த்தை பேசப்போறேன் என்றேன். முன்வரிசைக் குழந்தைகள் அம்மாவின் பின்னால் ஒளிந்தார்கள். பேசுவது என்றால் அங்கே திட்டுவது.

கூப்பிட ஆரம்பித்தேன். வந்தார்கள், வாங்கினார்கள், கை தட்டினேன். வாங்கியதை மேலே போட்டுப் பார்த்தபோது எல்லாமே பெரிதாக இருந்தது. ஒன்பது வயதுக்குத் தைத்த சட்டை ஒன்பது வயதுப் பையனுக்குத் தொடை வரைக்கும் வந்தது. கட்டிங் மாஸ்டர் கைசுத்தமான ஆள், ஒரு நூல் பிசகமாட்டார். பிள்ளைகள்தான் வயதுக்கு வளரவில்லை. அதை அப்போதாவது யோசித்திருக்க வேண்டும்.

'கோகுலன்' என்றேன். யாரும் வரவில்லை. எங்கள் ஊரில் முதல் தடவை கூப்பிட்டு எந்தப் பையனும் மேடைக்கு வரமாட்டான், வெட்கப்படுவான். மூன்று தடவை கூப்பிடுவது வழக்கம். 'கோகுலன் யாருப்பா, எந்திரிச்சு வா' என்றேன். பின்னும் சத்தமாக, 'கோகுலா, வெக்கப்படாம வாலே, உனக்குத்தான் தச்சிருக்கு' என்று சட்டையைத் தூக்கி ஆட்டினேன்.

ரீச்சர் என் கையைத் தொட்டுத் தாழ்த்தினார். கூட்டத்தில் பின்னால் நின்ற ஒரு பெண் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

அவர்தான் கோகுலனின் அம்மா, மலர். இடம்பெயர்ந்து காட்டுக்குள் இருந்தபோது பையனுக்குக் காய்ச்சல், மருந்து கிடைக்கவில்லை. கடிதம் எழுதும்போதே தெரியும் என்றார் ரீச்சர் பிறகு. பதிவேட்டில் அந்தப் பெயரை அடிக்கக் கை வரவில்லையாம். இப்படி இருபத்திரண்டு பெயர். சிலர் வேறு ஊரில், சிலர் எங்கே என்று தெரியாது, சிலர் இல்லை. நான் பட்டியலை மடித்துப் பையில் வைத்தேன். மிச்சத்தைப் பெருமாள்சாமி பெயர் கூப்பிடாமல், ஒவ்வொரு பிள்ளையாகப் பக்கத்தில் போய்க் குனிந்து கேட்டுக் கேட்டுக் கொடுத்தான். குட்டி போட்ட ஆட்டுக்குப் பக்கத்தில் போகிற மாதிரி சத்தமில்லாமல் போனான். எனக்கு அந்த நிமிஷம் வெட்கம் என்றால் என்ன என்று தெரிந்தது. அதற்கு முன்னால் பட்டதெல்லாம் சும்மா.

இருபத்திரண்டு பேரின் உடுப்பையும் ரீச்சர் ஒரு தகரப் பெட்டியில் வைத்து மூடினார். நீலப் பாவாடைகளைப் பையன்களின் காற்சட்டையாக மாற்றலாம் என்று முடிவானது. ஊரில் இருந்த தையல் மிஷின் ஒன்றே ஒன்று. ஓடும்போது எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றி வீட்டுக்குப் பின்னால் புதைத்துவிட்டுப் போய், திரும்பிவந்து தோண்டி எடுத்தது. அது மலருடையது.

நான் வாசலில் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது அவரே, 'மிசினைத் தூக்க ஒராள் வேணும்' என்றார். தூக்கிக்கொண்டு நடந்தேன். பாதையின் நடுவிலேதான் நடந்தேன்.

பள்ளிக்கூடத்தில் வைத்ததும் ரீச்சர் கத்திரிக்கோலை என்னிடம் நீட்டினார். எங்கள் ஊரில் பிறந்த பிள்ளைக்குக்கூட ஊசி பிடிக்கத் தெரியும் என்று சாவடியில் நான் அளந்ததை ராசன் வந்து ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறார். ஊரே சுற்றி நின்றது. உண்மையைச் சொன்னேன். நான் தையல்காரன் இல்லை, நூலும் ஜிப்பும் எடுத்துக் கொடுக்கிற ஸ்டோர்காரன், சின்ன வயதில் இரண்டு வருஷம் காஜா எடுத்துப் பட்டன் கட்டியிருக்கிறேன், அதோடு சரி. காஜா என்றால் என்ன என்றார்கள். பட்டன் நுழைகிற ஓட்டை என்றேன். 'ஓ, தெறி வைப்பீங்களோ?' என்றார் மலர். தெறி என்றால் பட்டனாம். எங்கள் ஊரில் தெறிப்பது என்றால் தலைதெறிக்க ஓடுவது. இரண்டும் எனக்குப் பொருந்தும் என்று தலையாட்டினேன். அவர் உதட்டோரம் லேசாக அசைந்தது. சிரிப்பென்று நானே வைத்துக்கொண்டேன்.

அன்றும் ஞாயிற்றுக்கிழமையும் மிஷின் நிற்கவில்லை. மலர் வெட்டினார், தைத்தார். பெண்கள் ஓரம் மடித்தார்கள். நான் ஒரு மூலையில் காஜா எடுத்துப் பட்டன் கட்டினேன். இருபது வருஷத்துக்கு முன்னால் செய்த வேலை, ஊசி துணியில் ஏறினதைவிட விரலில் ஏறினதுதான் அதிகம். பெருமாள்சாமி பிள்ளைகளைத் தூரமாகக் கூட்டிப்போய் வைத்திருந்தான். ஊரில் இரண்டு ஆடு இருந்தது, அதைப் பற்றியே நாள் முழுக்கச் சொல்ல அவனிடம் சமாச்சாரம் இருந்தது.

ஞாயிறு மத்தியானத்துக்குள் பையன்களின் காற்சட்டை முடிந்தது. கவுன்தான் முட்டியது. ஏழெட்டுப் பெண் பிள்ளைகளிடம் பழைய வெள்ளைக் கவுன் இருந்தது. மேல்சட்டையோடு கீழே வெள்ளைத் துணி சேர்த்தால்தான் மற்றவர்களுக்குக் கவுன் ஆகும். கடிதம் எழுதின பிறகு ஊர் திரும்பிய குடும்பத்துச் சின்னப் பெண் ஒருத்தி வேறு இருந்தாள், அவளுக்கு மேல்சட்டையே கிடையாது. கவுன் இல்லாதவர்கள் வராவிட்டால் நாற்பது தேறாது. வெள்ளைத் துணி வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று அந்தக் கூரைக்குக் கீழே இருந்த எல்லோருக்கும் தெரியும். யாரும் அந்தப் பெட்டிப் பக்கம் பார்க்கவில்லை. ரீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேயிருந்தார்.

மலர் மிஷினை விட்டு எழுந்தார். பெட்டியைத் திறந்தார். ஒவ்வொரு சீட்டாகப் படித்துப் பார்த்து, தன் பையனுடையதை முதலில் எடுத்தார். குண்டூசியைக் கழற்றிச் சீட்டை இடுப்பில் செருகிக்கொண்டு, சட்டையைப் பாயில் விரித்துக் கையால் நீவினார். நான் எழுந்து, வேண்டாம் அக்கா, வேறு ஏதாவது பார்ப்போம் என்றேன். வேறு என்ன என்று எனக்கே தெரியாது.

'இவ்வளவு பெரிய சேட்டு. எங்கடை ஆள் மாதிரி ரெண்டு பேர் இதுக்குள்ளை நிக்கலாம்' என்றார் அவர். பிறகு, 'பிடியுங்கோ தம்பி, துணி நழுவுது' என்றார்.

நான் பிடித்தேன். அக்குளுக்குக் கீழே நேராக வெட்டினார். கத்திரிக்கோல் எங்கேயும் நிற்கவில்லை. மார்புப் பையைப் பிரித்தால் துணியில் தடம் விழும், நேரமும் இல்லை என்று அப்படியே விட்டார். அப்படித் தைத்த கவுனில் வயிற்றுக்கு நேராக ஒரு பை வந்து நின்றது. அதன் பிறகு மற்ற தாய்மாரும் வந்தார்கள், அந்தச் சட்டைகளைப் பைக்குக் கீழே வெட்டினார். ஒருவர் மட்டும் வரவில்லை. அவருடைய மகனின் சட்டையை யாரும் கேட்கவில்லை, அது பெட்டிக்குள்ளேயே இருந்தது.

திங்கட்கிழமை அலுவலர் சைக்கிளில் வந்தார். முழங்கால் வரைக்கும் கரிசல். அவரும் இடம்பெயர்ந்து திரும்பியவர்தானாம். பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். பேனாவால் ஒவ்வொரு தலையாகத் தொடுகிற மாதிரி எண்ணிக்கொண்டு போனார். நானும் கூடவே மனதுக்குள் எண்ணினேன். முப்பத்தெட்டில் எனக்கு எண் தவறிவிட்டது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கத் தைரியமில்லை. அவர் வரிசையின் கடைசியில் நின்ற சின்னப் பெண் முன்னால் நின்றார். அவள் இரண்டு கையையும் வயிற்றுப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றாள். ஊரிலேயே பை வைத்த கவுன் தன்னிடம்தான் இருக்கிறது என்கிற பெருமை முகத்தில் தெரிந்தது.

'இதென்ன, பிள்ளையின்ரை சட்டையிலை சேட்டுப் பொக்கெற்?' என்றார் அலுவலர். 'சீருடை பற்றியும் அறிக்கையிலை எழுத வேணும். இதை நான் என்னெண்டு எழுதுறது?'

எல்லாம் என் தவறு, கடிதத்தைத் தப்பாக வாசித்தவன் நான்தான் என்று சொல்ல நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். அதற்குள் தூணோரம் நின்ற மலர் சொன்னார்:

'அதை எழுதாதேங்கோ ஐயா. எத்தினை பேர் எண்டு மட்டும் எழுதுங்கோ.'

அவர் மலரைப் பார்த்தார். அந்தப் பையைப் பார்த்தார். நாற்பத்தொன்று என்று எண்ணாலும் எழுத்தாலும் எழுதி, ரீச்சரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, தேத்தண்ணிகூடக் குடிக்காமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். பள்ளிக்கூடம் அந்த ஊரிலேயே நின்றது.

நான் கிணற்றுப் பக்கம் போய் அழுதேன். சத்தமாகவே அழுதேன். கொஞ்ச நேரம் கழித்துப் பெருமாள்சாமி வந்து, தலைத்துண்டை அவிழ்த்து நீட்டினான். அதில் ஆட்டு வாடை அடித்தது.

'அந்தப் புள்ள பேரு என்னன்னு கேட்டுக்கிட்டு வாரேன்' என்றான். 'நாம ஊருக்குப் போனா கேப்பாவல்லா, கோகுலன் சட்டையை யாரு போட்டாவன்னு.'

போய்க் கேட்டுவிட்டு வந்தான். நிலா. எங்கள் பட்டியலில் அப்படி ஒரு பெயரே இல்லை. காட்டுக்குள் பிறந்தவளாம். ரீச்சர் அன்று காலையில்தான் பதிவேட்டில் எழுதியிருக்கிறார், அறுபத்துமூன்றாவதாக, மேலே இருந்த எந்தப் பெயரையும் அடிக்காமல்.